பசித்தவர்கள் வெட்டிய கால்வாய்
பெயர் கொடுத்த பக்கிங்காம் கோமகனின் கதை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா?

ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு ஒரு பாலம் வரும். பாலத்துக்குக் கீழே தண்ணீர் தெரியும். ஆறு மாதிரி வளைந்து நெளிந்து போகாது. கயிறு பிடித்துக் கோடு போட்டது போல நேராக வடக்கும் தெற்கும் ஓடும்.

அதுதான் பக்கிங்காம் கால்வாய்.

பஸ்ஸில் இருப்பவர்கள் ஜன்னல் வழியாக ஒரு நொடி பார்ப்பார்கள். பிறகு கடற்கரைக் கோயிலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். கால்வாயை யார் வெட்டினார்கள்? பக்கிங்காம் என்பது யார்? இதைக் கேட்கிறவர்கள் குறைவு.

பக்கிங்காம் என்பது ஒரு மனிதரின் பட்டப் பெயர். அவர் சீமையில் பிறந்த கோமகன். சென்னை ராஜதானிக்குக் கவர்னராக வந்தவர். அவருடைய கதையில் கடன் இருக்கிறது, பஞ்சம் இருக்கிறது, ஒரு மாளிகையும் இருக்கிறது. இன்று நமக்கு உதவக்கூடிய ஒரு பாதையும் அதில் இருக்கிறது.

நாற்பது நாள் ஏலம்

அவருடைய பெயர் ரிச்சர்டு. 1823-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி பிறந்தார். தந்தை, இரண்டாவது பக்கிங்காம் கோமகன். இங்கிலாந்தின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் அதுவும் ஒன்று. ஸ்டோ என்ற ஊரில் அவர்களுக்கு அரண்மனை போன்ற மாளிகை இருந்தது.

ஆனால், தந்தையின் கை ஓட்டைக் கை. வரவு எட்டணா, செலவு பத்தணா என்பார்களே, அந்தக் கதைதான். 1845-ல் விக்டோரியா மகாராணி அந்த மாளிகைக்கு விருந்தாளியாக வந்தார். ராணியை வரவேற்கக் கோமகன் பணத்தைத் தண்ணீராய் இறைத்தார். அப்போதே அவர் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்.

கடன் பத்து லட்சம் பவுனைத் தாண்டியது. கடன் கொடுத்தவர்கள் கதவைத் தட்டினார்கள். 1848-ல் மாளிகையில் இருந்த பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. ஓவியங்கள், நாற்காலிகள், வெள்ளிப் பாத்திரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. ஏலம் நாற்பது நாள் நடந்தது!

மகனுக்கு அப்போது வயது 24. குடும்பச் சொத்தை விற்பதற்கு வழி செய்யும் பத்திரங்களில் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். தனக்கு வரவேண்டிய சொத்து கைவிட்டுப் போவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார்.

அப்பா கெட்டால் பிள்ளையும் கெட வேண்டும் என்று விதி இல்லை. மகன் வேலைக்குப் போனார்! அந்தக் காலத்தில் பிரபு வீட்டுப் பிள்ளைகள் சம்பளத்துக்கு உழைப்பது அபூர்வம். அவர் ரெயில்வே கம்பெனியில் சேர்ந்தார். லண்டன் - வடமேற்கு ரெயில்வே, அன்றைய பிரிட்டனின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. 1853 முதல் 1861 வரை அதன் தலைவராக இருந்தார்.

1861-ல் தந்தை இறந்தார். எங்கே தெரியுமா? அரண்மனையில் அல்ல. லண்டனில் ரெயில் நிலையத்தை ஒட்டிய ஓட்டல் ஒன்றில்!

மகன் மூன்றாவது கோமகன் ஆனார். மாளிகைக்குத் திரும்பினார். சிக்கனமாக இருந்து, கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். 1867-ல் குடியேற்ற நாடுகளின் மந்திரியானார். கனடா தனி அரசாக உருவானது அந்த ஆண்டில்தான். 1871-ல் தம்முடைய நிலங்களின் வழியாகத் தாமே ஒரு சிறு ரெயில் பாதை போட்டார். முதலில் அது விளைபொருள்களையும் சரக்குகளையும் ஏற்றத்தான். ஊர் மக்கள் தாங்களும் ஏறிப்போக விரும்பினார்கள். அடுத்த ஆண்டே மக்களையும் ஏற்றிக்கொண்டது.

பொருள் எப்படி ஊர் விட்டு ஊர் போகிறது, அதற்கு என்ன செலவாகிறது என்பது அவருக்கு அத்துபடி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு வந்தார்

1875-ல் சென்னை கவர்னராக இருந்த ஹோபார்ட் பிரபு, பதவியில் இருக்கும்போதே விஷக் காய்ச்சலில் இறந்துபோனார். சென்னைக்கு நல்ல சாக்கடை வசதி வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். அசுத்தத்தால் பரவும் நோயே அவரைக் கொண்டுபோயிற்று.

அவருக்குப் பிறகு வந்தவர்தான் பக்கிங்காம் கோமகன். அவருடைய மனைவி முந்தின ஆண்டு காலமாகிவிட்டார். மகன் கிடையாது. தம் புதல்வியருடன் 1875 நவம்பரில் சென்னைக்கு வந்து பதவி ஏற்றார்.

முதல் மாதம் கோலாகலமாகப் போயிற்று. வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தார். துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வாணவேடிக்கை நடந்தது. 1876-ல் பெரம்பூரில் தொடங்கிய நெசவாலைக்கும் கவர்னரின் பெயரையே வைத்தார்கள். அதுதான் பக்கிங்காம் மில். பிற்காலத்தில் பி. அண்டு சி. மில் என்று புகழ்பெற்று, 1996-ல் மூடப்பட்டது.

அந்த 1876-ல்தான் மழை பொய்த்தது.

தாது வருஷப் பஞ்சம்

தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. ஐப்பசி, கார்த்திகை மழையும் வரவில்லை. ஏரிகள் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தன. செங்கல்பட்டு ஜில்லா ஏரிப் பாசனத்தை நம்பிய சீமை. ஏரி காய்ந்தால் அடுப்பு அணைந்தது என்று பொருள்.

விலை ஏறியது. கூலி வேலை நின்றது. ஜனங்கள் மாட்டை விற்றார்கள், பாத்திரத்தை விற்றார்கள், வீட்டுக் கதவைக் கழற்றி விற்றார்கள். விற்க ஒன்றும் இல்லாதபோது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சென்னையை நோக்கி நடந்தார்கள். செங்குன்றத்திலும் பல்லாவரத்திலும் முகாம்கள் ஏற்பட்டன. கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன.

சென்னைக் கடற்கரையில் பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த அரிசி மூட்டைகள் மலை போலக் குவிந்து கிடந்தன. காவல் பலமாக இருந்தது. மூட்டையிலிருந்து சிந்திய அரிசியைப் பெண்கள் மணலோடு சேர்த்துப் பெருக்கி, சலித்து எடுத்துப் போனார்கள்.

பாட்டி, பாட்டனார் வழியாக இந்தப் பஞ்சத்தின் கதை நம் வீடுகளில் பல தலைமுறை நின்றது. தாது வருஷம் என்றாலே வயதானவர்களுக்குக் குலை நடுங்கும். 1876 முதல் 1878 வரை இந்தியாவில் இந்தப் பஞ்சத்துக்குப் பலியானவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல்.

கவர்னரும் வைசிராயும்

கவர்னர் என்ன செய்தார்?

முதலில், சென்னை சர்க்கார் ரகசியமாகத் தானியம் வாங்கிச் சேர்த்தது. வைசிராய் லிட்டன் பிரபுவுக்கு அது பிடிக்கவில்லை. தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. இந்தியாவில் இருந்து தானிய ஏற்றுமதியும் நிறுத்தப்படவில்லை. 1877 ஜனவரி 1-ந் தேதி, தென்னாடு பட்டினியில் கிடக்கும்போது, டெல்லியில் பிரமாண்டமான தர்பார் நடந்தது. விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அங்கே அறிவித்தார்கள்.

சென்னையில் செலவு கைமீறுகிறது என்று எண்ணிய வைசிராய், சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினார். நிவாரண வேலை செய்பவர்களுக்கு அவர் கூலியைக் குறைத்தார். நாள் முழுவதும் மண் வெட்டும் ஓர் ஆணுக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சிறிது காசும்தான்! இதைத் தின்றுவிட்டு ஒருவன் மண் வெட்ட முடியாது என்று சென்னை சுகாதார அதிகாரி கார்னிஷ் எதிர்த்து நின்றார். சில மாதங்களில் கூலி மறுபடியும் உயர்ந்தது. அதற்குள் எத்தனையோ பேர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு எழாமலே போனார்கள்.

1877 ஆகஸ்டில், கோமகன் தலைமையில் சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. உதவி கேட்டு லண்டன் மேயருக்குச் செய்தி போயிற்று. ஆறு லட்சம் பவுனுக்கும் மேலாக நிதி சேர்ந்தது. அந்த மாதக் கடைசியில் வைசிராயே சென்னைக்கு வந்து நிலைமையைப் பார்த்தார்.

இதெல்லாம் கோமகனுக்குப் பெருமை சேர்க்கும் பக்கம். இன்னொரு பக்கமும் உண்டு. அதே 1877-ல் உதகமண்டலத்தில் கவர்னருக்காக ஒரு மாளிகை எழும்பத் தொடங்கியது. ஸ்டோவில் இருந்த தம் குடும்ப மாளிகையின் சாயலில் கோமகன் அதைக் கட்டினார். செலவு ஏறிக்கொண்டே போயிற்று. இன்று உதகையில் உள்ள ராஜ்பவன் அதுதான்.

தந்தையின் ஆடம்பரத்தால் கஷ்டப்பட்டவர் அவர். கஞ்சித் தொட்டிக்கு முன்னால் ஊரே நிற்கும்போது, அவரும் ஒரு மாளிகை கட்டினார். மனிதர்களின் வாழ்க்கை நேர்க்கோடாகப் போவதில்லை. கால்வாய்தான் நேராகப் போகும்!

இரண்டு கால்வாய்கள் ஒன்றாயின

இனிக் கால்வாய்க்கு வருவோம்.

சென்னைக்கு வடக்கே ஏற்கனவே ஒரு கால்வாய் இருந்தது. பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி 1806-ல் அதை எண்ணூர் வரை 11 மைல் நீளம் வெட்டினார். அவர் பெயரால் அது காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. 1837-ல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டு, மேலும் வடக்கே ஆந்திரம் நோக்கி நீட்டியது. அடையாற்றுக்குத் தெற்கே வேறொரு கால்வாய் இருந்தது. அது கோவளம், மாமல்லபுரம் பக்கமாகப் பாலாற்றை நோக்கிப் போயிற்று.

இரண்டுக்கும் நடுவே சென்னை நகரம். கூவம் ஆற்றுக்கும் அடையாற்றுக்கும் இடையில் சுமார் 8 கிலோமீட்டர் இடைவெளி. வடக்கிலிருந்து வரும் படகு தெற்கே போக முடியாது. சரக்கை இறக்கி, வண்டியில் ஏற்றி, மறுபடி படகில் ஏற்ற வேண்டும்.

பஞ்ச நிவாரண வேலையாக இந்த இடைவெளியை வெட்ட ஏற்பாடாயிற்று. ரெயில்வே தெரிந்த கவர்னருக்கு அதன் பயன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1877, 1878 ஆகிய ஆண்டுகளில் பசித்த ஜனங்கள் அந்தக் கால்வாயை வெட்டினார்கள். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாகக் கால்வாய் அடையாற்றைத் தொட்டது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. 1878-ல் முழுக் கால்வாய்க்கும் கவர்னரின் பெயரைச் சூட்டினார்கள்.

பிறகு தெற்கே மரக்காணம் வரை கால்வாய் நீண்டது. ஆந்திரத்தில் பெத்தகஞ்சாம் தொடங்கி மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டில் உள்ளது 163 கிலோமீட்டர்.

வாரிசு இல்லாத கோமகன்

1880 டிசம்பரில் கோமகன் சென்னையை விட்டுப் புறப்பட்டார். லண்டனில் பிரபுக்கள் சபையின் குழுத் தலைவராக 1886 முதல் இருந்தார். 1885-ல் மறுமணம் செய்துகொண்டார். ஆண் வாரிசு பிறக்கவில்லை. 1889 மார்ச் 26-ந் தேதி காலமானார். அவரோடு கோமகன் பட்டமும் முடிந்துபோயிற்று. ஸ்டோ மாளிகை 1923-ல் பள்ளிக்கூடம் ஆகிவிட்டது.

சீமையில் அழிந்துபோன அந்தப் பட்டம் இங்கே நம் ஊர்க்காரர்களின் வாயில் வாழ்கிறது. காரணம், அந்தக் கால்வாய்.

இழுபாதை

கால்வாய் எண்பது தொண்ணூறு ஆண்டு ஊருக்கு உழைத்தது. கடல் ஏற்றத்தில் உப்புநீர் உள்ளே வரும். ஆறுகளைத் தாண்டும் இடங்களில் மதகுக் கதவுகள் வைத்து நீர்மட்டத்தைக் காத்தார்கள். உப்பு, நெல், சுண்ணாம்புக் கிளிஞ்சல், சவுக்கு விறகு எல்லாம் படகில் வந்தன. சென்னையில் எத்தனையோ வீட்டு அடுப்புகள் கால்வாயில் வந்த விறகால் எரிந்தன.

மாமல்லபுரம் பார்க்கப் போகிறவர்களும் படகில்தான் போனார்கள். சாயங்காலம் சென்னையில் ஏறினால், இரவு முழுவதும் பயணம். காலையில் பல்லவர் கோயிலைப் பார்க்கலாம். பாவேந்தர் பாரதிதாசன் 1930-களில் நண்பர்களோடு அப்படிப் போனதை மாவலிபுரச் செலவு என்ற பாட்டாகவே எழுதினார்.

காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். காற்று இல்லாவிட்டால்? கரையில் ஆட்கள் இறங்கி, தோளில் கயிறு போட்டுப் படகை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். அதற்காகவே கரையில் பாதை இருந்தது. பாதை இல்லாமல் படகு இல்லை.

அந்த இழுபாதைதான் நாம் கவனிக்க வேண்டியது.

லாரி வந்தது. படகு குறைந்தது. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைக் கெடுத்தன. நகரத்துக்குள் வீட்டுச் சாக்கடையும் ஆலைக் கழிவும் அதில் விழுந்தன. கரையில் குடிசைகள் எழுந்தன. பறக்கும் ரெயிலுக்காகக் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டார்கள். 1995-ல் ரெயில் ஓடத் தொடங்கியது. அந்த ரெயில் நிறுத்தங்களில் ஒன்றின் பெயர் கிரீன்வேஸ் ரோடு. பசுமை வழி என்று பொருள் கொள்ளலாம். பெயர் இருக்கிறது, வழியைத்தான் காணோம்!

ஆனாலும், கால்வாய் நம்மைக் கைவிடவில்லை. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, கரை ஏறிய தண்ணீரில் ஒரு பகுதியைக் கால்வாய் வாங்கிக்கொண்டது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மழைநீர், ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைச் சேருகிறது. கால்வாய் அடைந்தால் ஊர் மூழ்கும்.

நடைபாதை ஆகுமா?

கால்வாய்க்குக் கோமகனின் பெயர் வைத்த அதே 1878-ல், அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஒரு வேலை தொடங்கியது. அங்கேயும் கடலேற்றம் வந்துபோகும் நாற்றமெடுத்த ஓடை ஒன்று இருந்தது. ஓம்ஸ்டெட் என்ற தோட்டக்கலை நிபுணர் அதைச் சுத்தம் செய்து, கரையில் மரம் வைத்து, நடைபாதை அமைத்தார். அது ஒரு பூங்காவிலிருந்து அடுத்த பூங்காவுக்கு நீண்டு, சுமார் 7 மைல் பசுமைச் சங்கிலி ஆயிற்று. இன்றும் மக்கள் அதில் நடக்கிறார்கள்.

தென்கொரியாவின் சியோல் நகரில், ஓடையை மூடி மேலே மோட்டார் பாலம் கட்டியிருந்தார்கள். பாலத்தை இடித்துவிட்டு, 2005-ல் ஓடையைத் திறந்தார்கள். கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் தூரம் ஜனங்கள் தண்ணீர் ஓரமாக நடக்கிறார்கள்.

நம் ஊரிலும் முடியாததல்ல. 1880-களில் கவர்னர் கிராண்ட் டப் மெரினாவில் மக்கள் உலாவப் பாதை போட்டார். கால்வாய்க்கும் அதற்கும் கூப்பிடு தூரம்தான். அடையாறு முகத்துவாரத்தில் குப்பை கொட்டிய இடம், 2011-ல் 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா ஆயிற்று.

அடையாற்றிலிருந்து முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை கால்வாய்க் கரையில் நிழல் தரும் நடைபாதை இருந்தால் எப்படி இருக்கும்? பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகலாம். காரும் பஸ்ஸும் பறக்கும் சாலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டாம்.

ஆனால், வேலையை வரிசையாகச் செய்ய வேண்டும். முதலில், பழைய எல்லைக் கற்களைத் தேடிக் கால்வாயின் அகலத்தை அளக்க வேண்டும். இரண்டாவது, சாக்கடையை நிறுத்த வேண்டும். நாற்றத்தின் ஓரத்தில் பூச்செடி வைத்துப் பயன் இல்லை. மூன்றாவது, பாதைக்காகக் கால்வாயைக் குறுக்கக் கூடாது. சிமெண்டுச் சுவர் எழுப்பினால் மழைக்காலத்தில் தண்ணீர் வேறு வழி தேடும். அந்த வழி நம் வீட்டு வாசலாக இருக்கும். மண் கரையே போதும். உப்புத்தண்ணீர் ஓரத்தில் அலையாத்தி. மேட்டில் பனை, புன்னை, பூவரசு.

நான்காவதுதான் முக்கியம். கரையில் இப்போது குடியிருப்பவர்கள் போக்கிடம் இல்லாமல் வந்த ஏழைகள். அவர்களை வேலை இல்லாத தூரத்துக்குத் துரத்திவிட்டு, மற்றவர்கள் காற்று வாங்கப் பாதை போடுவது நியாயம் ஆகாது. பிழைப்புக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு வீடு கொடுத்த பிறகுதான் முதல் மரம் நட வேண்டும். வலை வீசும் மீனவர்களுக்கும் கரையில் இடம் இருக்க வேண்டும்.

இந்தக் கால்வாயை வெட்டியவர்கள் யார்? ஒரு ராத்தல் தானியத்துக்குக் கணக்குப் பார்த்த காலத்தில் கஞ்சிக்காக மண் சுமந்தவர்கள். கோமகனுக்கு வாரிசு இல்லாமல் போயிற்று. மண் சுமந்தவர்களுக்கு வாரிசு உண்டு. இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலர் அவர்களுடைய கொள்ளுப் பேரன், பேத்திகளாக இருக்கலாம்.

கோமகன் தந்தையின் கடனை அடைக்க வாழ்நாள் எல்லாம் பாடுபட்டார். நமக்கும் ஒரு கடன் இருக்கிறது. அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது, அந்தப் பாலத்தின் மேல் பஸ் போகையில் பிள்ளைகளுக்குக் கால்வாயைக் காட்டுங்கள். அதை வெட்டியவர்களின் கதையையும் சொல்லுங்கள்.